தனியாகக் கேட்டுப் பார்த்து பேஸ் வாங்காதீர்கள்

இரவல் வாங்கிய பேஸ் கிட்டாரில் ஒரு வருடம் பழகிவிட்டீர்கள், ஒரு பேண்டில் இடமும் கிடைத்திருக்கிறது, இப்போது சொந்தமாக ஒன்று வாங்க வேண்டும். ஃபெண்டரின் பிரிசிஷன் மாடலா ஜாஸ் பேஸ் மாடலா, பேட்டரியில் ஓடும் ஆக்டிவா பேட்டரி வேண்டாத பாஸிவா, நான்கு கம்பியா ஐந்தா, ஆம்ப் எத்தனை வாட்ஸ், புதிதா பழையதா என்று வரிசையாகக் கேட்டிருக்கிறீர்கள். கூடவே, "கடையில் வாசித்தபோது பிரமாதமாக இருந்த பேஸ், அதே மாடலை நண்பர் பேண்டில் வாசிக்கும்போது காதிலேயே விழவில்லை, ஏன்?" என்றும் கேட்டிருக்கிறீர்கள். மற்ற கேள்விகளுக்கான விடையெல்லாம் இந்தக் கடைசிக் கேள்வியில்தான் இருக்கிறது. அங்கிருந்தே தொடங்குகிறேன்.

இ கம்பியை எங்கும் அழுத்தாமல் மீட்டினால் வரும் சுருதி ஏறத்தாழ 41 ஹெர்ட்ஸ். ஏ கம்பி 55, டி கம்பி 73, ஜி கம்பி 98. இவ்வளவு தாழ்ந்த ஒலிகளை நம் காது கூர்மையாகப் பிடிப்பதில்லை. சின்ன ஸ்பீக்கர்களில் 41 ஹெர்ட்ஸ் அநேகமாக வெளியே வருவதே இல்லை. இருந்தும் போனில் பாட்டுக் கேட்கும்போது பேஸ் என்ன வாசிக்கிறது என்று புரிகிறதல்லவா? 82, 123, 164 என்று அடிச்சுருதியின் மடங்குகளாக மேலே அடுக்கடுக்காக வரும் ஹார்மானிக்ஸைக் கேட்டுக்கொண்டு, இல்லாத அடிச்சுருதியை மூளை தானே நிரப்பிக்கொள்கிறது. பேண்டுக்குள் பேஸ் தெளிவாகக் கேட்கிறது என்று நாம் சொல்வதெல்லாம் பெரும்பாலும் அதன் மிட் எனப்படும் நடு ஒலி, சுமார் 200 முதல் 800 ஹெர்ட்ஸ் வரையுள்ள பகுதி, கேட்கிறது என்பதுதான்.

கடையில் தனியாக உட்கார்ந்து வாசிக்கும்போது கை தானாக ஆம்பின் பேஸ் நாபையும் ட்ரெபிள் நாபையும் ஏற்றிவிடும், மிட்டை இறக்கிவிடும். அடியில் கும்மென்று அதிர்கிறது, மேலே கம்பி பளிச்சென்று ஒலிக்கிறது, கேட்கச் சுகமாக இருக்கிறது. அதே செட்டிங்கோடு பேண்டில் போய் நின்றால், அடிப்பகுதியில் கிக் டிரம் ஏற்கெனவே உட்கார்ந்திருக்கும். மேல்பகுதியில் சிம்பலும் கிட்டாரும் இருக்கும். உங்களுக்கென்று மிச்சமிருந்த இடத்தை நீங்களே குறைத்துவிட்டீர்கள். உடனே வால்யூமை ஏற்றுவீர்கள், அறை முழுக்க இரைச்சல் கூடும், சுருதி மட்டும் கேட்காது. உங்கள் நண்பருக்கு நடந்தது பெரும்பாலும் இதுதான். அடுத்த ஒத்திகையில் ஆம்பின் நாப்களை எல்லாம் நடுவில் வைக்கச் சொல்லுங்கள். நடு ஒலியின் கீழ்ப்பகுதிக்கான லோ மிட் நாப் இருந்தால் கொஞ்சம் ஏற்றட்டும். தனியாகக் கேட்டால் மூக்கடைத்த குரல் மாதிரி இருக்கும். டிரம்ஸ் சேர்ந்தவுடன் ஒவ்வொரு சுரமும் துலங்கும்.

அதனால் கடைக்குப் போகும்போது போனில் ஒரு டிரம் டிராக்கும், பேஸ் நீக்கிய ஒன்றிரண்டு பாட்டும் எடுத்துப் போங்கள். அவற்றோடு சேர்த்து வாசித்துப் பாருங்கள். முடிந்தால் உடன் வந்தவரை வாசிக்கச் சொல்லிவிட்டு அறையின் மறுகோடியில் நின்று கேளுங்கள். தனியாக வாசித்தபோது மயக்கிய பேஸ் பாட்டுக்குள் காணாமல் போவதும், சாதாரணமாகத் தெரிந்த ஒன்று பாட்டைத் தாங்கி நிற்பதும் அப்போதுதான் தெரியும்.

இனி மாடல்கள். ஃபெண்டர் நிறுவனம் பிரிசிஷன் பேஸை 1951-ல் கொண்டுவந்தது. இன்று நாம் அதில் பார்க்கும் இரண்டு துண்டாகப் பிரிந்த பிக்கப் (கம்பியின் அதிர்வை மின்சைகையாக்கும் பாகம்) 1957-ல் வந்தது. அந்த இரண்டு துண்டுகளும் ஒன்றுக்கொன்று எதிர்த் திசையில் சுற்றப்பட்டவை என்பதால் மின் இரைச்சல் அடிபட்டுப் போகிறது. ஒரு பிக்கப், ஒரு வால்யூம், ஒரு டோன், அவ்வளவுதான். பிக்கப் இருக்கும் இடத்தாலும் அதன் அமைப்பாலும் லோ மிட் இயல்பாகவே திரண்டு வருகிறது. 1960-ல் வந்த ஜாஸ் பேஸில் இரண்டு பிக்கப்கள். நெக் எனப்படும் கழுத்தின் தலைப்பகுதி குறுகலானது, அகலம் 38 மில்லிமீட்டர்தான். பிரிசிஷனில் பொதுவாக 41 முதல் 44 வரை. ஜாஸ் பேஸின் இரண்டு பிக்கப்களையும் முழுதாகத் திறந்தால் இரைச்சல் இராது, ஆனால் மிட் கொஞ்சம் உள்வாங்கிவிடும். கட்டைவிரலால் கம்பியை அடித்து வாசிக்கும் ஸ்லாப் வாசிப்புக்கு அது அழகு. பேண்டில் அமுங்குகிறது என்று தோன்றினால் ஒரு பிக்கப்பின் வால்யூமைக் கொஞ்சமே கொஞ்சம் குறைத்துப் பாருங்கள், மிட் திரும்பி வரும். கூடவே மெல்லிய இரைச்சலும் வரும். மேடையில் அது பொருட்டில்லை, ரெக்கார்டிங்கில் கவனிக்க வேண்டும்.

பேண்டில் இரண்டு கிட்டாரும் கீபோர்டும் இருந்தால் பிரிசிஷன் வகையை வாங்குங்கள். ஆட்கள் குறைந்த, இடைவெளி நிறைந்த இசையென்றால் ஜாஸ் பேஸ் பேசும். இரண்டும் வேண்டுமென்றால் பிஜே என்று சொல்லப்படும் வகை உண்டு: நடுவில் பிரிசிஷன் பிக்கப், பிரிட்ஜ் (பாடியில் கம்பிகளைத் தாங்கும் பாகம்) பக்கம் ஜாஸ் பிக்கப். யமஹாவின் பிபி வரிசையும் ஸ்குயரின் அஃபினிட்டி பிஜே மாடலும் இப்படிப்பட்டவை. முதல் பேஸாக வாங்க இவை நம்பகமானவை. பிராண்ட் பெயருக்காக இதைவிட மேலே போக வேண்டிய அவசியம் உங்களுக்கு இப்போது இல்லை என்பது என் உறுதியான கருத்து.

ஆக்டிவ், பாஸிவ் விஷயத்தில் ஒரு குழப்பத்தை முதலில் தீர்த்துவிடலாம். ஆக்டிவ் என்று விற்கப்படும் பெரும்பாலான பேஸ்களில் பிக்கப் பாஸிவ்தான். ஒலியை ஆம்புக்குப் போகும் முன்பே பெருக்கும், பேட்டரியில் ஓடும் ஒரு பிரிஆம்ப் மட்டும் உள்ளே கூடுதலாக இருக்கும். 1976-ல் வந்த மியூசிக் மேன் ஸ்டிங்ரே இந்த அமைப்பைப் பரவலாக்கியது. பிரிஆம்ப் இருந்தால் பேஸ், ட்ரெபிள் இரண்டையும் குறைக்க மட்டுமின்றி ஏற்றவும் முடியும். நீளமான கேபிள் போட்டாலும் மேல் ஒலி மங்காது. அதற்கு விலை 9 வோல்ட் பேட்டரி. கேபிளைச் செருகியதும் சர்க்யூட் இயங்கத் தொடங்கிவிடும், அதனால் வாசித்து முடித்ததும் கேபிளைப் பிடுங்கிவிட வேண்டும். இரவு முழுக்கச் செருகியே வைத்துப் பழகினால் ஒருநாள் நிகழ்ச்சி நடுவில் ஒலி உடைந்து நொறுங்கும். ஆக்டிவ் வாங்கினால் பாஸிவுக்கு மாற்றும் சுவிட்ச் உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள். ஆனால் கை தானாக பேஸையும் ட்ரெபிளையும் ஏற்றிவிடும் என்று மேலே சொன்ன காரணத்தால், ஏற்றும் வசதி கையருகே இல்லாத பாஸிவ் பேஸில் பழகுவதே உங்களுக்கு நல்லது. ஒலியை விரலால் மாற்றக் கற்றுக்கொள்வீர்கள். நெக்கை ஒட்டி மீட்டினால் திரட்சி, பிரிட்ஜை ஒட்டி மீட்டினால் இறுக்கம். ஒரு சாண் தூரத்துக்குள் எத்தனையோ நிறங்கள் இருக்கின்றன.

ஐந்து கம்பி வேண்டுமா? கீழே கூடுதலாகக் கிடைப்பது ஐந்தே அரைச்சுரங்கள், 31 ஹெர்ட்ஸ் பி வரை. அந்தச் சுரங்களுக்காக மட்டும் யாரும் ஐந்து கம்பிக்குப் போக வேண்டியதில்லை. ஒரு பாட்டில் மட்டும் தாழ்ந்த டி தேவையென்றால் இ கம்பியை இறக்கிக்கொள்ளலாம். ஐந்து கம்பியின் நிஜமான பலன் வேறு. பாடகர் கடைசி நேரத்தில் "அரைக்கட்டை இறக்கிக்கலாம்" என்பார். திறந்த இ கம்பியை நம்பி அமைத்த வரி அப்போது நான்கு கம்பியில் நிற்காது. ஐந்து கம்பியில் அந்த வரியைத் திறந்த கம்பி இல்லாமல் பி கம்பியிலிருந்தே வாசிக்கலாம்; விரலமைப்பை அப்படியே ஒரு ஃப்ரெட் (நெக்கின் குறுக்கே உள்ள உலோகக் கோடு) கீழே நகர்த்தினால் போதும். பல பாடகர்களுக்கு வாசிப்பவர் என்றால், அல்லது கீபோர்டு பேஸோடு சேர்ந்து வாசிக்க வேண்டுமென்றால், வாங்குங்கள். வாங்கும்போது பி கம்பியை மட்டும் தனியாகச் சோதியுங்கள். 34 அங்குல ஸ்கேலில் (கம்பியின் அதிரும் நீளம்) சில பேஸ்களில் அது தொளதொளவென்று இருக்கும், 35 அங்குலத்தில் இறுக்கம் கூடும். பி கம்பி வாசிக்காதபோதும் அதிர்ந்துகொண்டே இருக்கும் என்பதால் வலது கட்டைவிரலை அதன் மேல் சாய்த்து அடக்கும் பழக்கம் தனியாக வேண்டும். அதற்குச் சில மாதங்கள் ஒதுக்க முடியாதென்றால் நான்கே போதும்.

முதல் ஃப்ரெட்களில் கை எட்டாமல் வலிக்கிறது என்றும் எழுதியிருந்தீர்கள். அது பேஸின் குறையாக இருக்க வேண்டியதில்லை. கிட்டாரிலிருந்து வந்தவர்கள் ஃப்ரெட்டுக்கு ஒரு விரல் என்று வைப்பார்கள். 34 அங்குல ஸ்கேலின் கீழ்ப்பகுதியில் அது பல கைகளுக்கு அளவுக்கு மீறிய விரிப்பு. டபுள் பேஸ் வாசிப்பவர்கள் சிமாண்டில் முறையில் ஆள்காட்டி, நடுவிரல், சுண்டுவிரல் மூன்றையும் வைத்து மூன்று ஃப்ரெட்களைத்தான் ஒரு நேரத்தில் பிடிப்பார்கள். மோதிரவிரல் சுண்டுவிரலுக்குத் துணை. ஐந்தாம் ஃப்ரெட் வரை அப்படி வாசித்துப் பாருங்கள். அதற்குப் பிறகும் வலித்தால் 30 அங்குல ஷார்ட் ஸ்கேலுக்குப் போங்கள். அதைச் சிறுவர் வாத்தியம் என்று யாராவது சொன்னால் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள். பால் மெக்கார்ட்னி கையிலிருந்த ஹாஃப்னர் வயலின் பேஸ் ஷார்ட் ஸ்கேல்தான்.

கம்பிகளைப் பற்றி நீங்கள் கேட்கவே இல்லை. நான் மிகவும் பேச விரும்புவது அதைத்தான். ஒரே பேஸில் கம்பியை மாற்றினால் வரும் வித்தியாசம், ஒரே கம்பியோடு பேஸை மாற்றினால் வருவதைவிடப் பல நேரம் பெரியது. கடைகளில் உள்ள பேஸ்களில் பெரும்பாலும் ரவுண்ட்வூண்ட் கம்பிதான் மாட்டியிருக்கும்: வெளிச்சுற்று உருண்டைக் கம்பியால் ஆனது, பளிச்சென்று ஒலிக்கும், விரல் தேய்க்கும் சத்தமும் வரும். நிக்கல் பூசியது கொஞ்சம் மென்மை, ஸ்டீல் இன்னும் கூர்மை. ஃப்ளாட்வூண்டில் வெளிச்சுற்று தட்டையான நாடா. தொட்டால் வழவழப்பாக இருக்கும், ஒலி குறுகி அடிச்சுருதி உருண்டு நிற்கும், ஃப்ரெட்டும் அதிகம் தேயாது. அமெரிக்காவின் மோட்டவுன் இசை நிறுவனப் பாடல்களின் பேஸை வாசித்த ஜேம்ஸ் ஜேமர்சன் 1962-ஆம் ஆண்டு பிரிசிஷனில் கனமான ஃப்ளாட்வூண்டைப் போட்டு, பிரிட்ஜ் மூடிக்கு அடியில் ஃபோம் வைத்து, வலது கையின் ஆள்காட்டி விரல் ஒன்றாலேயே மீட்டினார். கம்பி அறுந்தால் ஒழிய மாற்றமாட்டார். ஸ்டுடியோ வாசிப்பாளரான கரோல் கே ஃப்ளாட்வூண்டைப் பிக் (மீட்டும் சில்லு) வைத்து வாசித்தார், கம்பிகளை ஃபெல்ட் துணியால் அடக்கி. நேரெதிர்ப் பக்கத்தில் ஜாக்கோ பாஸ்டோரியஸ்: ஃப்ரெட் நீக்கிய ஜாஸ் பேஸ், எபாக்ஸி பூசிய விரல்பலகை, ரவுண்ட்வூண்ட் கம்பி, பிரிட்ஜ் பிக்கப். இவர்களில் யாருடைய ஒலி உங்களுக்குப் பிடிக்கிறதோ, அவரது கம்பியிலிருந்து தொடங்குங்கள், பேஸ் பிறகு.

ஒரு செலவில்லாத சோதனை சொல்கிறேன். குளியல் ஸ்பாஞ்சில் விரல் தடிமனுக்கு ஒரு துண்டு வெட்டி, பிரிட்ஜை ஒட்டிக் கம்பிகளுக்கு அடியில் செருகுங்கள். கம்பியை லேசாகத் தொட்டால் போதும், மேலே தள்ளக் கூடாது. டோன் நாபைப் பாதி இறக்குங்கள். சுரம் 'டும்' என்று எழுந்து தானே அடங்கும். இதை டிரம்ஸோடு ஒருமுறை வாசித்துவிட்டால், பேஸில் சுரம் எங்கே முடிகிறது என்பது எங்கே தொடங்குகிறது என்பதற்குச் சமமாக முக்கியம் என்று கை புரிந்துகொள்ளும்.

ஆம்புக்கு வருகிறேன். வாட்ஸை இரட்டித்தால் ஒலி இரண்டு மடங்காகாது, 3 டெசிபல்தான் கூடும். காதுக்கு இரண்டு மடங்காகத் தோன்ற ஏறத்தாழ பத்து மடங்கு வாட்ஸ் வேண்டும். தாழ்ந்த ஒலிக்கு அதிகச் சக்தியும் தேவை, அதனால்தான் கிட்டாருக்கு 30 வாட்ஸ் போதுமான அறையில் பேஸுக்குச் சில நூறு தேவைப்படுகிறது. வீட்டுக்கு 25, 40 வாட்ஸ் காம்போ (ஆம்பும் ஸ்பீக்கரும் ஒரே பெட்டியில்) தாராளம். டிரம்ஸோடு ஒத்திகை என்றால் 200-க்குக் கீழே போகாதீர்கள். 1969-ல் வந்த ஆம்பெக் எஸ்விடி 300 வாட்ஸ் டியூப் ஆம்ப். அதன் ஹெட் (ஸ்பீக்கர் இல்லாத ஆம்ப் பகுதி) மட்டுமே 35 கிலோவைத் தாண்டும், பத்து அங்குல ஸ்பீக்கர் எட்டு உள்ள கேபினெட் தனி. கிளாஸ் டி எனப்படும் இன்றைய எடை குறைந்த ஹெட்கள் அதைவிட அதிக வாட்ஸை இரண்டு மூன்று கிலோவில் தருகின்றன. முதுகு உங்களுடையது, யோசித்து வாங்குங்கள்.

ஹெட்டும் கேபினெட்டும் தனித்தனியாக வாங்கினால் ஓம் (ஸ்பீக்கரின் மின்தடை) கணக்கு தெரிந்திருக்க வேண்டும். 500 வாட்ஸ் என்று எழுதியிருப்பது பெரும்பாலும் 4 ஓமுக்கான அளவு. 8 ஓம் கேபினெட் ஒன்றை மட்டும் இணைத்தால் ஏறக்குறைய பாதிதான் கிடைக்கும். இரண்டு 8 ஓம் கேபினெட் சேர்ந்தால் 4 ஓம். மூன்றாவதை இணைத்தால் 2.7-க்கு இறங்கிவிடும், பல ஹெட்கள் அதைத் தாங்காது. டியூப் ஹெட்டை ஸ்பீக்கர் இணைக்காமல் ஒருபோதும் ஓட்டாதீர்கள், டிரான்ஸ்ஃபார்மர் போய்விடும். ஹெட்டிலிருந்து கேபினெட்டுக்குப் போவது ஸ்பீக்கர் கேபிளாக இருக்க வேண்டும். கிட்டார் கேபிளும் வெளியே பார்க்க அதே மாதிரிதான் இருக்கும், உள்ளே கம்பி மெலிது, சூடேறும்.

ஒலி அமைப்பு உள்ள மேடைகளில்தான் வாசிக்கப் போகிறீர்கள் என்றால் பெரிய ஆம்பே தேவையில்லை. பேஸை நேரடியாக மிக்ஸரோடு இணைக்கும் ஒரு நல்ல டிஐ பாக்ஸ் அல்லது டிஐ உள்ள பிரிஆம்ப் பெடல் போதும். மோட்டவுன் ஸ்டுடியோவில் ஜேமர்சனின் பேஸ் நேரடியாக மிக்ஸருக்குப் போனதுதான். பாஸிவ் பேஸுக்கு ஒரு மெகா ஓம் அளவுக்கு இன்புட் இம்பீடன்ஸ் உள்ள டிஐ-யைத் தேர்ந்தெடுங்கள், இல்லையென்றால் மேல் ஒலி மங்கும். வீட்டில் ஹெட்ஃபோனில் பழக ஆடியோ இன்டர்ஃபேஸின் இன்ஸ்ட்ருமென்ட் இன்புட்டே போதுமானது. பெடல்களில் முதலில் டியூனர். தாழ்ந்த இ கம்பியை அது தடுமாறிக் காட்டினால் 12-ஆம் ஃப்ரெட் ஹார்மானிக்கை வைத்துச் சுருதி சேர்க்கலாம். ஒலியின் ஏற்ற இறக்கத்தைச் சமன்படுத்தும் கம்ப்ரஸர் பிறகு வாங்கிக்கொள்ளலாம். ஒலியைக் கரகரப்பாக்கும் ஓவர்டிரைவ் வாங்கினால் சுத்தமான ஒலியைக் கலக்கும் பிளெண்ட் நாப் உள்ளதாகப் பாருங்கள், இல்லாவிட்டால் அடி ஒலி காலியாகும்.

பழையது வாங்கலாமா? தாராளமாக. பேஸ் முரட்டுத்தனமான வாத்தியம், இருபது வருடப் பழையதும் நன்றாக இருக்கும். ஆனால் நேரில் போய்ப் பாருங்கள். முதலில் பேஸைக் கண்ணுக்கு நேராகப் பிடித்து, பாடி பக்கத்திலிருந்து நெக்கை நெடுகப் பாருங்கள். லேசான உள்வளைவு இருக்கலாம், முறுக்கு இருக்கக் கூடாது; முறுக்கியிருந்தால் அங்கேயே வைத்துவிட்டு வந்துவிடுங்கள். அடுத்து பிரிட்ஜில் ஒவ்வொரு கம்பியையும் தாங்கும் சாடில்களைப் பாருங்கள். எல்லாம் அடிமட்டம் வரை இறக்கப்பட்டிருந்தும் கம்பி உயரமாகவே நின்றால், நெக்கின் கோணத்திலோ ட்ரஸ் ராடிலோ (நெக்கின் வளைவைச் சரிசெய்யும் உள்கம்பி) கோளாறு. ட்ரஸ் ராட் இரண்டு பக்கமும் திரும்புகிறதா என்று விற்பவரையே கால் சுற்று திருப்பிக் காட்டச் சொல்லுங்கள். பிறகு ஜி கம்பியில் ஐந்து முதல் ஏழாம் ஃப்ரெட் வரை ஒவ்வொன்றாக மீட்டி, சுரம் அணையும் வரை காத்திருந்து கேளுங்கள். போல்ட் போட்ட நெக் உள்ள பேஸ்களில் அந்தப் பகுதியில் ஒரு சுரம் மட்டும் சட்டென்று செத்துப் போவது சகஜம். மிக மோசமாக இருந்தால் தவிருங்கள், ஏனென்றால் செட்டப்பால் அது சரியாகாது. நாபில் கரகர சத்தம், ஜாக்கில் தொடர்பு விட்டு விட்டு வருவது எல்லாம் எளிதில் சரியாகும், விலை பேச மட்டும் பயன்படுத்திக்கொள்ளுங்கள். கடைசியாக ஸ்ட்ராப் மாட்டி நின்று இரண்டு கையையும் எடுங்கள். நெக் கீழே சாய்ந்தால், மணிக்கணக்கில் அதை இடது கையால் தாங்கியபடி வாசிக்க நேரும்.

புதிதோ பழையதோ, வாங்கியதும் செட்டப்புக்கு ஒரு தொகையை ஒதுக்கிவிடுங்கள். வரிசை முக்கியம்: முதலில் நெக் வளைவு, பிறகு கம்பி உயரம், கடைசியில் இன்டொனேஷன் (எல்லா ஃப்ரெட்டிலும் சுருதி சரியாக நிற்பது). முதல் ஃப்ரெட்டில் கம்பிகளை அழுத்திப் பிடிக்கும் கேப்போ கிளிப்பைப் போட்டு, கடைசி ஃப்ரெட்டில் இ கம்பியை அழுத்தினால் எட்டாம் ஃப்ரெட் அருகே 0.3 மில்லிமீட்டர் இடைவெளி இருக்கலாம். 17-ஆம் ஃப்ரெட்டில் கம்பி உயரம் 2 முதல் 2.4 மில்லிமீட்டர் பொதுவான தொடக்கம். ஓங்கி மீட்டுபவர்கள் கூட்டிக்கொள்ளலாம். 12-ஆம் ஃப்ரெட்டில் அழுத்திய சுரம் அங்குள்ள ஹார்மானிக்கைவிட ஏறியிருந்தால் சாடிலைப் பின்னுக்குத் தள்ள வேண்டும், இறங்கியிருந்தால் முன்னுக்கு. ட்ரஸ் ராடில் நீங்களே கை வைத்தால் ஒரு நேரத்தில் கால் சுற்றுக்கு மேல் வேண்டாம்.

நீங்கள் சொன்ன பேண்டுக்கு, இரண்டு கிட்டார் ஒரு கீபோர்டு என்பதால், பழைய பாஸிவ் பிஜே ஒன்று, செட்டப், ஒரு செட் ஃப்ளாட்வூண்ட், டிஐ உள்ள ஒரு பிரிஆம்ப் பெடல், டியூனர் என்று வாங்குவேன். ஒத்திகை அறையில் பேஸ் ஆம்ப் இருக்கிறதா என்று எழுதவில்லை. இல்லையென்றால் பேஸுக்கு வைத்திருக்கும் தொகையில் ஒரு படி இறங்கி, 200 வாட்ஸுக்கு மேல் உள்ள பழைய காம்போ ஒன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பாடகர் கட்டையை அடிக்கடி மாற்றுபவர் என்றால் மட்டும் சொல்லுங்கள், ஐந்து கம்பியில் எந்த மாடல்களின் பி கம்பி இறுக்கமாக இருக்கிறது என்று தனியாக எழுதுகிறேன்.